பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்... லினக்ஸ் போட்டு ஓட வைப்பது எப்படி?

பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் இப்போ எங்கே இருக்கு? ஆன் பண்ணினா பத்து நிமிஷம் சுத்திக்கிட்டே இருக்குன்னு பரண் மேல போட்டுட்டீங்களா? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம், படப்பை பக்கம் ரூம் எடுத்து ஷிப்ட் வேலைக்குப் போற பலரோட வீட்டில் இப்படி ஒண்ணு தூங்கிட்டு இருக்கும். 2007-ல் டெல் நிறுவனம் கம்ப்யூட்டர் ஆலை திறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். இங்கே இருந்துகிட்டு, பழைய கம்ப்யூட்டரைக் கைவிடலாமா? லினக்ஸ் போட்டுப் பாருங்க. செலவு, ஒரு பென் டிரைவ் மட்டும்தான்.

ஏன் இப்போ?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேணும். இன்டெல் பிராசஸர்னா பெரும்பாலும் 8-வது தலைமுறை அல்லது அதற்கு மேல இருக்கணும். பழைய லேப்டாப்கள் இதில் தேறாது. பாதுகாப்பு அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் பண்றது ரிஸ்க். காசு கொடுத்து 'கிராக்' விண்டோஸ் போடுறது அதைவிட ரிஸ்க்.

லினக்ஸ் நமக்குப் புதுசும் இல்லை. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தாங்க. அதை உருவாக்கியது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். நம்மில் பலர் அதைத் திறந்தே பார்க்கலை, அவ்வளவுதான்!

எதைப் போடலாம்?

புதுசா வர்றவங்களுக்கு 'லினக்ஸ் மின்ட்' சௌகரியம். கீழே மெனு பட்டன், டாஸ்க்பார்னு விண்டோஸ் பழகின கைக்கு அந்நியமா தெரியாது. 4 ஜிபி ரேம் இருந்தா நல்லது. ஆரம்பகால அரசு லேப்டாப்கள் மாதிரி 2 ஜிபிதான் இருக்குன்னா, அதோட எடை குறைந்த 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பை எடுங்க. பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டால், வேக வித்தியாசம் ஆன் பண்ணும்போதே தெரியும்.

முதல் வேலை பேக்கப்

இதைத் தாண்டிப் போகவே கூடாது. அக்கா கல்யாண போட்டோ, மார்க் ஷீட் ஸ்கேன், டிப்ளமோ புராஜெக்ட் எல்லாத்தையும் வேறொரு டிரைவிலோ, கூகுள் டிரைவிலோ காப்பி பண்ணுங்க. காப்பி பண்ணினதைத் திறந்து பார்த்து உறுதி பண்ணிக்கோங்க. இன்ஸ்டால் பண்ணும்போது ஒரே ஒரு தப்பான கிளிக், எல்லாத்தையும் அழிச்சுடும்.

பென் டிரைவ் தயார் பண்ணுங்க

8 ஜிபி பென் டிரைவ் போதும். அதில் இருக்கிறது எல்லாம் அழியும், ஜாக்கிரதை. லினக்ஸ் மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு பண்ணுங்க. கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். விண்டோஸ் ஓடுற கம்ப்யூட்டர் இருந்தா 'ரூஃபஸ்' மூலமா பென் டிரைவில் ஏத்தலாம். கம்ப்யூட்டரே இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் ஓடிஜி வழியா பென் டிரைவைச் செருகி, 'எட்ச்டிராய்டு' ஆப் மூலம் ஏத்தலாம். சும்மா காப்பி பேஸ்ட் பண்ணினா வேலைக்கு ஆகாது.

போடாமலே ஓட்டிப் பாருங்க

சார்ஜரை மாட்டி, பென் டிரைவைச் செருகி ஆன் பண்ணுங்க. உடனே பூட் மெனு கீயைத் தட்டிக்கிட்டே இருங்க. டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் ஓடும். வைஃபை, சவுண்டு, கேமரா, டச்பேட் எல்லாம் வேலை செய்யுதான்னு பாருங்க. வைஃபை வரலைன்னா, போனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணினா நெட் வந்துடும். பிடிக்கலையா? பென் டிரைவை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, பழையபடி விண்டோஸ்!

இனி இன்ஸ்டால்

டெஸ்க்டாப்பில் இருக்கிற 'இன்ஸ்டால்' ஐகானைத் தட்டுங்க. முக்கியமான கேள்வி ஒண்ணு வரும். 'எரேஸ் டிஸ்க்' கொடுத்தால் விண்டோஸும் உங்க ஃபைல்களும் மொத்தமா போயிடும். 'அலாங்சைடு' கொடுத்தால் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். ஆன் பண்ணும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் படிக்கிறவங்க ரெண்டாவதை எடுங்க. அந்த ரெண்டும் லினக்ஸில் நேரடியா ஓடாது. அப்புறம், கொடுக்கிற பாஸ்வேர்டை மறந்துடாதீங்க.

போட்ட பிறகு...

அப்டேட் மேனேஜரை ஓட்டுங்க. பிறகு 'டைம்ஷிஃப்ட்' மூலம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைங்க. ஏதாவது சொதப்பினால், சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ரெஸ்யூம் அடிக்க லிப்ரே ஆபீஸ் ரெடியா இருக்கும். டிசைன் பழக ஃப்ரீகேட் இலவசம். கீபோர்டு செட்டிங்ஸில் தமிழ்99-ஐயும் சேர்த்துக்கலாம்.

மாட்டிக்கிட்டா கேட்க ஆள் இருக்காங்க. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவில் தமிழிலேயே சந்தேகம் கேட்கலாம். 2012-லிருந்து வரும் 'கணியம்' இதழும் தமிழில் லினக்ஸ் சொல்லிக்கொடுக்குது.

அடுத்த வீக் ஆஃபில் ஊருக்குப் போறீங்களா? அந்த லேப்டாப்பையும் சார்ஜரையும் பையில் எடுத்துப் போட்டுக்கிட்டு வாங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தூங்கி எழுந்து, ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் போதும்.