மிஷெல் டக்ளஸ்: பக்கத்துக் கதவு வழியாகப் போன ஒரு முறையீடு

ராணுவத்திலிருந்து ஒருவரைக் கட்டாயமாக வெளியே அனுப்பினால் அவர் யாரிடம் போய்ச் சொல்வது? கனடா ராணுவத்தில் இதற்கு ஒரு வழி எழுத்தில் உண்டு. தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி மேலதிகாரியிடம் முறையிடலாம். அவர் கேட்கவில்லையா, அவருக்கு மேலே போகலாம். முப்படைத் தலைமைத் தளபதி வரைக்கும் போகலாம். சரி, நம்மை அனுப்பிய விதியே அந்த மேலிடத்து உத்தரவா இருந்தா என்ன பண்றது? அந்த முட்டுச்சந்தைத் தாண்டிய ஒருவரின் கதையாகத்தான் மிஷெல் டக்ளஸ் வழக்கை நான் படிக்கிறேன்.

டக்ளஸ் 1986இல் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம். ராணுவ போலீஸ் அதிகாரியாகி, சிறப்புப் புலனாய்வுப் பிரிவுக்கு வந்தார். உளவு, தேசத்துரோகம் மாதிரியான விஷயங்களை விசாரிக்கிற பிரிவு அது. படையில் யார் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று துருவித் தேடுவதும் அதன் வேலைதான்! அதற்கான ஆணையின் எண் 19-20. அதன் தலைப்பிலேயே, விசாரணை என்ற சொல்லோடு 'டிஸ்போசல்' என்ற சொல்லும் இருந்தது. ராணுவ மொழியில் அதற்கு 'ஆளை என்ன செய்வது என்ற முடிவு' என்றுதான் பொருள் என்பார்கள். எனக்கென்னவோ குப்பைத்தொட்டிதான் ஞாபகத்துக்கு வருது.

1988இல் அந்தப் பிரிவு தன் அதிகாரியையே பிடித்தது. ஓட்டல் அறையில் வைத்து இரண்டு நாள் விசாரணை, அப்புறம் பொய் கண்டறியும் கருவிச் சோதனை என்று நெருக்கினார்கள். தான் லெஸ்பியன் என்று அவர் ஒப்புக்கொண்டார். அதிரகசியக் கோப்புகளைப் பார்க்கும் பாதுகாப்பு அனுமதி பறிபோனது. 1989இல் வேலையும் போனது. காரணமாக எழுதியது: தன்பாலீர்ப்பால் இவரைப் பயனுள்ள வகையில் வேலைக்கு வைத்துக்கொள்ள இயலாது.

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. பாதுகாப்பு அனுமதியைப் பறித்ததால் ராணுவமே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டது. 1984ஆம் ஆண்டின் உளவுத்துறைச் சட்டப்படி, அந்த அனுமதி மறுக்கப்பட்டு வேலை இழந்தவர் அப்போது பாதுகாப்பு உளவு மறுஆய்வுக் குழுவிடம் புகார் தர முடிந்தது. அந்தக் குழு ராணுவத்துக்கு வெளியே இருந்தது, தளபதிக்குக் கட்டுப்படாததாக இருந்தது. டக்ளஸ் அங்கே போனார். 1990 ஆகஸ்டில் குழு அவர் பக்கம் நின்றது: அவரைத் திரும்பச் சேர்க்க வேண்டும், அனுமதியையும் திருப்பித் தர வேண்டும்.

ஆனா அது வெறும் பரிந்துரைதான். அந்தக் குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்று, வேறொருவர் தொடுத்த தாம்சன் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றமே 1992 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. குழுவிடம் ஜெயித்த டக்ளஸுக்கு மிச்சமிருந்தது, அரசின் மீது அவர் தொடுத்திருந்த உரிமை வழக்கு. அரசியல் சாசனத்தின் சமத்துவப் பிரிவு 1985 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதுதான் அவர் கையில் இருந்த ஆயுதம். காற்றும் அவர் பக்கம் திரும்பியது. விமானப்படை கேப்டன் ஜோஷுவா பர்ச் இதே கொள்கையால் பாதிக்கப்பட்டவர். அவர் சம்பந்தப்பட்ட வழக்கில், மனித உரிமைச் சட்டத்தில் பாலீர்ப்பும் அடங்கும் என்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

டக்ளஸ் வழக்கு விசாரணைக்கு வரும் நேரத்தில் ராணுவம் இறங்கி வந்தது. 1992 அக்டோபர் 27 அன்று அவருடைய சாசன உரிமை மீறப்பட்டதை ஒப்புக்கொண்டது. இழப்பீடு 1,00,000 கனடிய டாலர். தலைமைத் தளபதி ஜான் டி சாஸ்டலேன் அந்தத் தடையை நீக்கினார். முறையீட்டுப் படிக்கட்டின் மேல்மட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். கீழிருந்து ஏறிப் போயிருந்தால் இந்த முடிவு வந்திருக்கும் என்று எனக்குத் தோணல.

டக்ளஸ் ராணுவத்துக்குத் திரும்பவில்லை, நீதித்துறை அமைச்சகத்தில் வேலை பார்த்தார்.

முறையீட்டு முறையும் பிறகு மாறியது. 2000இல் ராணுவத்துக்கு வெளியே ஒரு குறைதீர்ப்பு வாரியம் வந்தது. அதன் கருத்தும் தளபதியைக் கட்டுப்படுத்தாது, ஆனா ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தவறாக நடந்த பணி விடுவிப்பை, விடுவிக்கப்பட்டவரின் சம்மதத்தோடு தளபதியே ரத்து செய்யலாம் என்ற திருத்தம் சட்டத்தில் ஏற 2013 ஆனது.