தோட்டாவும் மருந்தும் : உந்துமருந்துத் தேர்வின் வரலாறு

முன்னுரை

தமிழில் 'மருந்து' என்னும் சொல் நோய் தீர்ப்பதையும் குறிக்கும். துப்பாக்கியில் இட்டு வெடிப்பதையும் குறிக்கும். தெலுங்கின் 'மந்து', கன்னடத்தின் 'மத்து', மலையாளத்தின் 'மருந்நு' ஆகிய சொற்களும் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்கின்றன. பாரசீகத்தில் மருந்தைக் குறித்த 'தாரூ' மராத்தியில் வெடிமருந்தையும் உணர்த்துகிறது. சீனமொழியில் இதன் பெயர் 'தீ மருந்து' எனப் பொருள்படும் 'ஹுவோயாவ்' என்பதாகும். இத்தகைய பொது வழக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை எவ்வித இடரையும் விளைவிக்கவில்லை. ஏனெனில் அதுவரை துப்பாக்கி மருந்து என்பது அடிப்படையில் ஒரே பொருளாக இருந்தது. 1880களுக்குப் பின் அதே பெயரில் வெவ்வேறு வேதிப்பொருள்கள் புழக்கத்திற்கு வந்தன. பெயர் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. இம்மாற்றத்தின்போது ரைபிள் தோட்டாவிற்குரிய மருந்தை அரசுகளும், தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொண்ட தனியாட்களும் எவ்வடிப்படையில் தேர்ந்தனர் என்பதையும், அத்தேர்வு பிழைத்தபோது நேர்ந்தவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கருமருந்தின் இயல்பு

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ 75 : 15 : 10 என்னும் விகிதத்தில் கலந்த கலவையே கருமருந்து. இது எரியும்போது எடையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி வளியாக மாறாமல் திண்மப் பொருளாகவே எஞ்சுகிறது. களத்தை மறைக்கும் வெண்புகையும் குழலின் உட்புறத்தில் படியும் கசடும் இவ்வெச்சத்தின் விளைவுகளே. எனவே கருமருந்துக் காலத்தில் தேர்வு என்பது பெரும்பாலும் மணியின் அளவைத் தேர்வதாகவே அமைந்தது. நுண்மணி விரைந்து எரியும். பருமணி மெல்ல எரியும். கைத்துப்பாக்கிக்கு நுண்மணியும் பீரங்கிக்குப் பருமணியும் பயன்பட்டன.

மணியின் வடிவமும் எரிவேகத்தை ஆளும் என்பதை அமெரிக்கப் படை அலுவலரான தாமஸ் ராட்மன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தம் ஆய்வுகளால் நிறுவினார். துளையிட்ட மணி எரிய எரியத் துளையின் உட்பரப்பு விரிவதால் வளி வெளிப்படும் வேகமும் கூடுகிறது. பீரங்கிக்கெனக் கண்ட இவ்வுண்மையே பிற்கால ரைபிள் மருந்துகளுக்கும் அடிப்படையாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

1871இல் பிரித்தானியப் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் தோட்டாவில் 85 கிரெயின் கருமருந்தும் 480 கிரெயின் எடையுள்ள ஈயக்குண்டும் இடம்பெற்றன. குண்டின் வேகத்தைப் பெருமளவு உயர்த்தக் கருமருந்தால் இயலவில்லை; ஆகவே எடையைக் கூட்டினர். அத்தோட்டாவின் பருமன் அம்மருந்தின் எல்லையைக் காட்டுகிறது எனலாம்.

புகையற்ற மருந்தின் தோற்றம்

பிரெஞ்சு வேதியியலார் பால் வியேய் 1884இல் நைட்ரோசெல்லுலோசைக் கூழாக்கித் தகடாக்கி நறுக்கிப் புகையற்ற மருந்தை உருவாக்கினார். அதனை ஏற்ற லெபெல் ரைபிள் 1886இல் வெளிவந்தது. 1887இல் ஆல்பிரட் நோபல் நைட்ரோகிளிசரினையும் நைட்ரோசெல்லுலோசையும் இணைத்துப் 'பாலிஸ்டைட்' என்னும் மருந்தைக் கண்டார். 1889இல் பிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் டியூவரும் இங்கிலாந்தில் கார்டைட்டை உருவாக்கினர். கயிறுபோல் இழுக்கப்பட்டதால் இது அப்பெயர் பெற்றது.

பாலிஸ்டைட்டிற்கும் கார்டைட்டிற்கும் இடையே எழுந்த வழக்கு சொற்பொருள் ஆய்வாளர்க்குச் சுவை பயப்பது. நோபலின் காப்புரிமை ஆவணம், நைட்ரோசெல்லுலோசு 'நன்கறியப்பட்ட கரையும் வகை'யைச் சேர்ந்தது எனக் கூறியிருந்தது. கார்டைட்டில் பயன்பட்டதோ கரையா வகை. அச்சிறு தொடரின் பொருள்வரம்பே வழக்கின் மையமாயிற்று. 1895இல் பிரித்தானியப் பிரபுக்கள் அவை நோபல் தரப்பிற்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

கார்டைட்டும் குழலும்

1888இல் பிரித்தானியப் படை ஏற்ற லீ-மெட்போர்டு ரைபிள் .303 அங்குலக் குழலுடையது. புதிய மருந்து ஆயத்தமாகாத நிலையில், அதன் முதல் தோட்டாவில் ஏறத்தாழ 70 கிரெயின் கருமருந்து அழுத்தி வைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அதனிடத்தை ஏறத்தாழ 31 கிரெயின் கார்டைட் பெற்றது. பாதிக்கும் குறைவான எடை. எனினும் குண்டின் வேகம் கூடியது.

ஆயின் குழல் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. வில்லியம் மெட்போர்டு வகுத்த ஆழமற்ற வரிப்பள்ளங்கள் கருமருந்தின் கசடு தங்காதவாறு அமைந்தவை. கார்டைட்டில் கசடு குறைவு, வெப்பமோ மிகுதி. முதல் வகைக் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு இருந்தது. அதன் வெம்மையில் ஆழமற்ற பள்ளங்கள் விரைந்து தேய்ந்தன. ஆகவே 1895இல் ஆழமான ஐந்து பள்ளங்கள் கொண்ட என்பீல்டு முறைக் குழல் வந்தது, லீ-மெட்போர்டு லீ-என்பீல்டாயிற்று. 1901இல் மருந்தும் திருத்தப்பட்டு நைட்ரோகிளிசரின் 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மருந்துக்கேற்பக் குழலும் குழலுக்கேற்ப மருந்தும் மாறவேண்டியிருந்தன. தேர்வுக்குரிய அளவை ஆற்றல் அன்று, பொருத்தமே என்பது இதனால் பெறப்படுகிறது.

இச்சாப்பூரும் அருவங்காடும்

இம்மாற்றத்தின் சுவடு இந்திய நிலப்பரப்பிலும் பதிந்துள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனி 1787இல் வங்காளத்தின் இச்சாப்பூரில் கருமருந்துத் தொழிற்சாலையை நிறுவியது. 1791இல் உற்பத்தி தொடங்கியது. வெடியுப்பு மிகுதியாக விளைந்த பீகாரும் கங்கையின் நீர்வழியும் அண்மையில் இருந்தமை அவ்விடத்திற்கு ஏற்றமாக அமைந்தது. கருமருந்தின் காலம் முடிந்தபின், 1904இல் அதே இடத்தில் ரைபிள் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது.

கார்டைட் தொழிற்சாலையோ நீலகிரியின் அருவங்காட்டில் 1904இல் எழுந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலேயே மலை இரயில்பாதை வந்துவிட்டது. அருகிலுள்ள காட்டேரி அருவியின் நீர் தொழிற்சாலைக்கு மின்னாற்றல் தந்தது. நைட்ரோகிளிசரினைக் கையாளும் தொழிலுக்குக் குளிர்ந்த மலைச்சூழல் உகந்ததாகும். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபின் இத்தொழிற்சாலை 'மியூனிஷன்ஸ் இந்தியா' நிறுவனத்தின்கீழ் வந்தது. கருமருந்து ஆற்றங்கரையை நாடியது. கார்டைட் மலையை நாடியது. மருந்தின் தேர்வு ஊரின் தேர்வாகவும் அமைந்தமையை இங்குக் காணமுடிகிறது.

கைந்நிரப்புவோரின் அளவை

சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டில் புதிய எரியூட்டியும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பரவியது. இந்தியாவில் தோட்டா செய்வது உரிமத்திற்கு உட்பட்ட செயல் என்பதை 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் வரையறுத்துள்ளது. ஆகவே இவ்வழக்கத்தின் வரலாற்றை அமெரிக்கச் சூழலில் வைத்தே நோக்கவேண்டியுள்ளது.

கருமருந்தை நிரப்பியவர்கள் அதனை எடையால் அன்றிப் பருமனால் அளந்தனர். குறித்த கிண்ணம் நிறைந்தால் அளவு சரி. புகையற்ற மருந்து வந்தபோது இவ்வழக்கத்திற்கு இணங்கும் வகையில், பழைய கிண்ணத்தாலேயே அளக்கத்தக்க இலேசான மருந்துகள் செய்யப்பட்டன. ஆனால் அடர்ந்த வகைகளும் உடன் விற்பனையாயின. பாலிஸ்டைட் போன்ற அடர்மருந்தைப் பழைய கிண்ணம் நிறைய இட்டால் விளையும் அழுத்தம் குழலைப் பிளக்கும். சுடுவோரின் கையையும் கண்ணையும் பறிக்கும். மூடிய இடத்தில் அழுத்தம் ஏற ஏறப் புகையற்ற மருந்தின் எரிவேகமும் ஏறுவதே இதற்குக் காரணம். இரண்டும் மருந்துதான், அளவும் ஒன்றுதான் என்னும் எண்ணமே இங்குக் கொல்லும் பிழையாகிறது.

தோட்டாக்களின் பெயர்களும் இக்குழப்பத்திற்கு இடந்தந்தன. 1873இன் '.45-70' என்பதில் 45 குழலின் அளவு. 70 கருமருந்தின் கிரெயின் எடை. 1895இல் வந்த '.30-30' என்பதில் பின்னெண் புகையற்ற மருந்தின் எடையைச் சுட்டியது. '.30-06' என்பதிலோ 06 மருந்தின் எடையே அன்று. 1906ஆம் ஆண்டைக் குறிக்கும் எண். ஒரே வடிவிலமைந்த மூன்று பெயர்களில் பின்னெண் மூன்று பொருளைத் தருகிறது. முன்னதன் பொருளைப் பின்னதற்கு ஏற்றிப் படிப்பவர் பெருந்தவறு செய்வார். பெயரைக் கொண்டு அளவைத் துணியலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

கார்டைட் கைந்நிரப்புக்கு ஏற்றதாக அமையவில்லை. அதன் இழைக்கற்றை கூட்டின் குறுகிய கழுத்து வழியே எளிதில் நுழையாது. தொழிற்சாலையில் இழைகளை இட்ட பின்னரே கழுத்தை ஒடுக்கினர். அமெரிக்காவில் மணிவடிவ மருந்துகள் பயன்பட்டதால் அங்குத் தேர்வு எளிதாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் படைத்துறையின் எஞ்சிய 4895 எண் மருந்தை புரூஸ் ஹாட்ஜன் வாங்கி விற்றது கைந்நிரப்பை மேலும் பரப்பியது. கூட்டின் கொள்ளளவு, குண்டின் எடை, மருந்தின் எரிவேகம் ஆகிய மூன்றும் தம்முள் இயையவேண்டும் என்பது நாளடைவில் நெறியாயிற்று. கனத்த குண்டு மெல்ல நகர்வதால் அதன் பின்னுள்ள இடமும் மெல்லவே விரிகிறது. அதற்கு மெல்லெரி மருந்து வேண்டும். இலேசான குண்டிற்கு விரைவெரி மருந்து பொருந்தும். உற்பத்தியாளர் ஆய்ந்து வெளியிடும் அளவுப் பட்டியலை மீறாமையும் இந்நெறியின் பகுதியே.

எம்16 : அரசு செய்த பிழை

அறியாத் தனியாட்கள் மட்டுமே இவ்வாறு தவறினர் என எண்ணுதல் பொருந்தாது. அமெரிக்காவின் எம்16 ரைபிள் 'ஐ.எம்.ஆர். 4475' என்னும் குழல்மணி மருந்தைக்கொண்டு சோதிக்கப்பட்டது. வேண்டிய வேகத்தை அழுத்த வரம்பிற்குள் அம்மருந்தால் சீராக எட்ட இயலாதெனக் கண்டு, 1964இல் 'டபிள்யூ.சி. 846' என்னும் உருண்டைமணி மருந்திற்கும் ஒப்புதல் தரப்பட்டது. குண்டின் வேகம் எதிர்பார்த்தவாறே அமைந்தது. ஆனால் குழலிலிருந்து பொறிக்குள் வளி செல்லும் துளையில் அழுத்தம் கூடியதால் பொறி வரம்பைக் கடந்த விரைவில் இயங்கியது, கசடும் மிகுந்தது. வியட்நாம் காடுகளில், சுட்ட கூடு அறையிலேயே சிக்கிக்கொள்ள வீரர்கள் எதிரியின்முன் செயலற்று நின்றனர்; உயிரிழப்பும் நேர்ந்தது. குரோமியப் பூச்சற்ற அறையும் துப்புரவுக் கருவிகள் வழங்கப்படாமையும் இக்கேட்டை மிகுவித்தன. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இகார்டு துணைக்குழு இம்மருந்து மாற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

கிண்ணத்தை மாற்றாத கைந்நிரப்பாளரும் பொறியை மாற்றாத படைத்துறையும் செய்த பிழை ஒன்றே. இருவரும் மருந்தைத் தனித்து நோக்கினர். அது சேரும் கருவியோடு இயைத்து நோக்கவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, உந்துமருந்தின் தேர்வை அதன் ஆற்றல் மட்டும் முடிவு செய்வதில்லை. குழல், கூடு, குண்டு, பொறி ஆகியவற்றோடு அது கொள்ளும் பொருத்தமே முடிவு செய்கிறது. இரண்டாவது, புதிய பொருளைப் பழைய அளவையால் அளந்தபோதே பெருங்கேடுகள் விளைந்தன. மூன்றாவது, 'மருந்து' என்னும் பொதுச்சொல் இவ்வேறுபாட்டை மறைக்க வல்லது. படை வரலாற்றைத் தமிழில் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் 1880களுக்கு முற்பட்ட நிகழ்வுகளில் கருமருந்து என்றும், பிற்பட்டவற்றில் புகையற்ற மருந்து அல்லது கார்டைட் என்றும் பொருளறிந்து வேறுபடுத்தி எழுதுதல் வேண்டும். புகை சூழ்ந்த களத்தையும் புகையற்ற களத்தையும் ஒரே சொல்லால் எழுதிச் செல்லும் வரலாறு, அக்களங்களில் நின்ற மாந்தர் கண்டதையும் பட்டதையும் உள்ளவாறு உணர்த்தாது.