உயிர்நூல் தேர்வும் தமிழ்மொழியும்

புதுவை நகருக்குத் தெற்கே கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில், சுண்ணாம்பாற்றின் அருகே அமைந்த சிற்றூர் நோணாங்குப்பம். ஆறு கடலொடு கலக்கும் கழியும், அதனையடுத்த அரியாங்குப்பத்து முகத்துவாரமும் உவரும் நன்னீரும் மாறிமாறி ஏறி இறங்கும் நிலமாகும். சேற்றில் நண்டும், நீரில் நத்தையும் சிப்பியும், கரையில் தென்னையும், முகத்துவாரத்தில் கண்டலும் ஒருங்கே காணப்பெறும் இத்தகைய இடம் உயிர்நூல் பயிலும் மாணவனுக்கு இயற்கை வகுத்த வகுப்பறை எனலாம். கல்லூரியின் முதலாண்டில் உயிரியல் பயிலும் மாணவன் ஒருவனை இக்கரையில் நிறுத்தி, அவன் கற்றதை அறிய விரும்பினால், எவ்வினாவை எம்மொழியில் வினவுதல் தகும்? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்குப் பின்னே நூற்றெழுபது ஆண்டுகட்கு மேற்பட்ட வரலாறு ஒன்றுண்டு. அவ்வரலாற்றின் சில பகுதிகளை ஆராய்ந்து, அவை உணர்த்தும் உண்மையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மரபியல் காட்டும் நெறி

உயிர்ப்பாகுபாடு தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கை கொண்டு ஆறாக வகுக்கின்றது. புல்லும் மரமும் ஊற்றுணர்வு ஒன்றே உடையன. நத்தையினத்திற்குச் சுவையும் சேர இரண்டு. சிதலுக்கும் எறும்பிற்கும் மோப்பம் சேர மூன்று. நண்டிற்கும் தும்பிக்கும் காட்சி சேர நான்கு. விலங்கு முதலியவற்றிற்குச் செவியுணர்வு சேர ஐந்து. மக்கட்கு மனமும் சேர ஆறு. இவற்றுள் பலவும் நோணாங்குப்பத்துக் கழிக்கரையில் ஒரு நாழிகை நடப்பார் கண்ணிற்குப் புலனாவன என்பது கருதத்தக்கது.

ஈண்டு யாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. எறும்பிற்கு அறிவு எத்தனை எனக் கேட்டு, மூன்று என விடை பெறுதல் நினைவாற்றலைச் சோதிப்பதே ஆகும். ஆசிரியர் எவ்வடிப்படையில் பகுத்தார், ஒரு வகுப்பிற்கும் அடுத்ததற்கும் இடையே கூடும் உணர்வு யாது, இன்றைய ஆய்வுக்கு அப்பாகுபாடு எவ்விடத்துப் பொருந்துகின்றது, எவ்விடத்து மாறுபடுகின்றது என வினவுதலே கருத்தறிவைச் சோதிப்பதாகும். எறும்பு மணத்தடம் பற்றிச் செல்வதென்பது இன்றைய ஆய்வுக்கும் உடன்பாடு. ஆயினும், எறும்பினங்களுள் மிகப் பல கண்ணுடையன. நண்டினங்களுட் சில தரையின் அதிர்வால் தம்முள் குறிப்புணர்த்துகின்றன. இவ்வுடன்பாட்டையும் மாறுபாட்டையும் விளக்கும் மாணவனே பாகுபாடு என்னும் கருத்தினை உணர்ந்தவன்.

புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் அந்நூல் பிரித்தமையும் இத்தகையதே. அந்நெறிப்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லாகும். இன்றைய தாவரநூலும் தென்னையை ஒருவித்திலைத் தாவரங்களுள் புல்லொடும் மூங்கிலொடும் சேர்த்து எண்ணுகின்றது. உலகவழக்கில் தென்னைமரம் என வழங்குவதை வைத்து மயங்காமல், அகத்தண்டின் அமைப்பை நோக்கி விடை கூறவல்லவன் எவனோ, அவனே கற்றவன். சொல்லறிவு வேறு, பொருளறிவு வேறு என்பது இவற்றாற் பெறப்படும்.

2. யாழ்ப்பாணத்து முதன்முயற்சி

மேலைநாட்டு உயிர்நூற் கருத்துகளைத் தமிழிலேயே முறையாகக் கற்பித்த பெருமுயற்சி யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நிகழ்ந்தது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் இலங்கையை அடைந்து, மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியும் மாணவர் பயிற்சியும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் பயின்றோர் அரசுப்பணி நாடி வேற்றூர் சென்றமையால் சிற்றூர் மக்கட்குப் பயன் குறைந்தது. இதனைக் கண்ட அவர், 1864 முதல் தமிழ்வழி வகுப்பினை நடத்தலானார்.

கற்பித்தற்கு நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். கட்டரின் உடல்நூலைத் தழுவிய 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' 1857 இல் வெளிவந்தது. அறுவை மருத்துவம் பற்றிய 'இரணவைத்தியம்' 1867 இலும், கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும், வேதிநூலாகிய 'கெமிஸ்தம்' 1875 இலும் அச்சேறின. சொல்லாக்கத்தில் அவர் ஒரு முறையினைக் கைக்கொண்டார். பொருத்தமான சொல் தமிழில் உளதாயின் அதனையே கொள்வது. இன்றேல் வடமொழியினை நாடுவது. அங்கும் கிட்டாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவது என்பது அம்முறை.

அவர் வழங்கிய அங்காதிபாதம் இன்று உடற்கூற்றியல் ஆயிற்று. சுகரணவாதம் உடலியங்கியல் ஆயிற்று. கெமிஸ்தம் வேதியியல் ஆயிற்று. சொற்கள் வழக்கொழிந்தன, அவை சுட்டிய பொருள்கள் ஒழிந்தில. குருதியோட்டம் யாதென மானிப்பாய் மாணவன் உணர்ந்த கருத்தும் இன்றைய மாணவன் உணரும் கருத்தும் அடிப்படையில் ஒன்றே. ஆகவே, தேர்வு என்பது சொல்லைத் துணையாகக் கொண்டு பொருளை அளக்க வேண்டுமேயன்றி, சொல்லோடு நின்றுவிடலாகாது என்பது இவ்வரலாற்றின் முதற் படிப்பினை. பிறிதொன்றும் கருதற்பாலது. தமிழில் கற்ற மாணவன் நோயாளி முன்னர்ப் பேசவேண்டிய மொழியும் தமிழே. அங்கே கல்வி, பணி ஆகிய இரண்டற்கும் மொழி ஒன்றேயாய் அமைந்தது; ஒன்று மூலமாகவும் மற்றொன்று நிழலாகவும் அமையவில்லை.

இம்முயற்சி கிறீனோடு முடிந்துவிடவில்லை. 1916 இல் சேலத்தில் தொடங்கிய கலைச்சொல் முயற்சியும், 1936 இல் விபுலாநந்த அடிகள் தலைமையிற் கூடிய மாநாட்டின் வழியே 1938 இல் வெளிவந்த கலைச்சொற் தொகுதியும் அதன் தொடர்ச்சியாகக் கொள்ளத்தக்கன.

3. புதுவையின் நிலை

புதுவை மண்ணில் உயிர்நூல் ஆய்வு முந்தியே வேரூன்றியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சொன்னேரா என்னும் பிரெஞ்சு இயற்கைநூலார் இங்குத் தங்கி ஆராய்ந்தார். அவருடைய பயணநூல் 1782 இல் வெளிவந்தது. கண்டற்காட்டு மரப்பேரினம் ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. 1826 இல் புதுவைத் தாவரத் தோட்டம் அமைந்தது. பெரோத்தே என்னும் தாவரநூலார் அதனை வளப்படுத்தினார். 1955 இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியத் தாவரங்களின் உலர்மாதிரித் தொகுப்பையும் நிலப்படங்களையும் உருவாக்கியது.

ஆயினும், இங்குத் திரட்டப்பெற்ற அறிவு பிரெஞ்சிலும் இலத்தீனிலும் எழுதப்பெற்றது. பிரெஞ்சு ஆட்சிக்கால மருத்துவப் பள்ளியின் மொழியும் பிரெஞ்சே. 1954 நவம்பர் முதல் நாளில் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16 இல் சட்டப்படி இணைப்பு நிறைவேறிய பின்னர், பிரெஞ்சின் இடத்தை ஆங்கிலம் பெற்றது. அப்பள்ளியின் வழிவந்ததாகிய ஜிப்மர் மருத்துவ நிறுவனம் 2019 வரை தனக்கெனத் தனி நுழைவுத்தேர்வினை ஆங்கிலத்தில் நடத்தியது. 2020 முதல் அத்தேர்வும் பொது நுழைவுத்தேர்வாகிய நீட்டினுள் அடங்கிற்று. ஆக, நோணாங்குப்பத்து மாணவன் தன் ஊர்க் கழியில் கண்ட உயிரைப் பற்றி விடையெழுத, ஒரு தலைமுறையில் பிரெஞ்சையும் மறு தலைமுறையில் ஆங்கிலத்தையும் நாட வேண்டியவனானான்.

4. தேர்வு பற்றிய சிந்தனை

தேர்வுமுறையின் குறைபாட்டை நம் நாட்டார் உணராதாரல்லர். பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் பரிந்துரைக்க வேண்டுமாயின் அது தேர்வுச் சீர்திருத்தமே என்னும் கருத்தினை இராதாகிருட்டிணன் தலைமையில் அமைந்த 1948-49 ஆம் ஆண்டுக் கல்விக்குழு வெளியிட்டது. 1956 இல் அமெரிக்கக் கல்வியறிஞர் புளூம் முதலியோர் கல்வி நோக்கங்களை நினைவுகூர்தல் முதல் மதிப்பிடுதல் ஈறாகப் படிநிலைகளாக வகுத்தனர். அவர் 1957-58 இல் இந்தியாவிற்கு வந்து தேர்வு பற்றிய பயிற்சியரங்குகளை நடத்தினார். 1958 இல் நடுவண் தேர்வுப் பிரிவு தோன்றியது.

பிற்காலத்தில் இச்சிந்தனை மேலும் கூர்மையுற்றது. 1992 இல் இயற்பியலில் விசை என்னும் கருத்தைச் சோதிக்கும் வினாத்தொகுதி ஒன்று வெளிவந்தது. 2002 இல் இயற்கைத் தேர்வு பற்றிய வினாத்தொகுதி உயிரியலுக்கும் வந்தது. இவற்றில் பிழையான விடைகள் மனம்போன போக்கில் எழுதப்பட்டவை அல்ல. மாணவர் உள்ளத்தில் இயல்பாக உறையும் பிழைக்கருத்துகளே மாற்று விடைகளாக அமைக்கப்பெறும். பிழைவிடையும் ஆசிரியர்க்கு ஒரு செய்தி கூறும் என்பது இம்முறையின் சிறப்பு.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். மரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்று கேட்பின், மண்ணிலிருந்து வந்தது என்பார் பலர். பதினேழாம் நூற்றாண்டில் வான் எல்மாண்ட் என்பார் 200 இறாத்தல் உலர்மண்ணில் 5 இறாத்தல் எடையுள்ள வில்லோ மரக் கன்று ஒன்றை நட்டு, நீர் மட்டுமே வார்த்து ஐந்தாண்டு வளர்த்தார். மரம் ஏறத்தாழ 169 இறாத்தலாக வளர்ந்தது. மண்ணோ இரண்டு அவுன்சு அளவே குறைந்தது. இச்செய்தி அவர் மறைவுக்குப் பின் 1648 இல் அச்சாயிற்று. எடை முழுதும் நீரே என அவர் முடிவுசெய்தது நிறைவான முடிபன்று. காற்றிலுள்ள கரியமிலவாயுவின் பங்கினை அவர் அறிந்திலர். எனினும் மண்ணே மரமாயிற்று என்னும் கருத்து அன்றே ஆட்டங்கண்டது. ஒளிச்சேர்க்கையின் இலக்கணத்தைப் பிழையற ஒப்பிக்கும் மாணவனே இவ்வினாவிற்கு மண் என விடை கூறுவானாயின், அவன் சொல்லைக் கற்றான், பொருளைக் கற்றிலன் என்பது தெளிவாம்.

5. 2018 ஆம் ஆண்டு நிகழ்ச்சி

மருத்துவக் கல்விக்கான நீட் தேர்வைத் தமிழிலும் எழுதும் வாய்ப்பு 2017 இல் கிட்டியது. 2018 ஆம் ஆண்டுத் தாளில் வினாக்கள் 180. மொத்த மதிப்பெண் 720. அவற்றுட் பாதி உயிரியலுக்கு உரியது. தமிழ்த்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு பிழைபட்டிருந்ததாக வழக்குத் தொடரப்பெற்றது. சிறுத்தை என்று எழுதவேண்டிய இடத்தில் 'சீத்தா' என்றும், அரிசி ரகம் என்னுமிடத்தில் 'நகம்' என்றும் அச்சாகியிருந்தமையை அந்நாளைய செய்தித்தாள்கள் எடுத்துக்காட்டின. வினாவிற்கு நான்கு மதிப்பெண் வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018 சூலை 10 இல் ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அவ்வாணையை முதலில் நிறுத்திவைத்துப் பின்னர் அவ்வாண்டு நவம்பரில் நீக்கியது. விடை அறிந்தார்க்கும் அறியாதார்க்கும் ஒருங்கே மதிப்பெண் வழங்குதல் முறையாகுமா என்பது அவ்வழக்கில் எழுந்த கடாவிற்குரிய செய்தி.

அக்கடாவில் பொருள் இல்லாமலில்லை. ஆயின், வேறொரு கடாவும் விடைவேண்டி நிற்கின்றது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கிலப் பாடமே முடிவானது என்பது அத்தேர்வின் விதி. அவ்விதியின் பொருள் யாது? தமிழ்த்தாள் எழுதுவோன் ஆங்கிலத்தாளையும் உடன்வைத்து ஒப்பிட்டுப் படிக்க வல்லவனாதல் வேண்டும் என்பதே அன்றோ? ரகம் நகமாயின் உயிரியல் அறிந்த மாணவனும் விடை காணான், அறியாதவனும் காணான். அவ்விடத்துத் தேர்வு எவ்வறிவையும் அளப்பதன்று. அளவுகோலே பிழையாயின், அளந்து பெற்ற எண்ணுக்கு யாது மதிப்பு?

பிழை நேர்ந்த பின்னர் மதிப்பெண் கூட்டுதலோ குறைத்தலோ இதற்கு மருந்தாகா. வினாவைத் தொடக்கத்திலேயே தமிழில் சிந்தித்து எழுதுதலே மருந்து. மானிப்பாயில் மூலமாக இருந்த தமிழ், ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னர் நிழலாயிற்று என்பது தமிழாய்வார் எண்ணிப்பார்க்க வேண்டியதொன்று.

6. முடிபுரை

தமிழில் வினா அமைத்தல் எளிதென்று யாம் கூறவில்லை. சுவாசம் என்னும் ஒரு சொல்லையே மூச்சுவிடுதற்கும், உயிரணுவினுள் நிகழும் ஆற்றல் வெளிப்பாட்டிற்கும் வழங்குகின்றோம். செடி சுவாசிக்குமா எனக் கேட்டால் மாணவன் இரண்டனுள் எதனைக் கருதுவான்? இத்தகைய இடங்களில் சொல்லின் பொருளெல்லையை வரையறுத்துத் தருதல் உயிர்நூலாரால் மட்டும் ஆவதன்று. தமிழாய்வார் துணையும் வேண்டும். மொழித்துறையும் அறிவியல் துறையும் ஒரே மேசையில் அமர்ந்து வினாக்களை ஆக்கி, சிலர்க்கு முன்னரே கொடுத்துப் பார்த்து, மயக்கந்தருஞ் சொற்களை நீக்கிய பின்னரே அவற்றைத் தேர்வில் சேர்த்தல் வேண்டும்.

மீண்டும் அக்கழிக்கரைக்கே வருவோம். வேர் கீழ்நோக்கிச் செல்வது இயல்பாயிருக்க, வெண்கண்டலின் வேர்களுட் சில சேற்றைத் துளைத்து மேல்நோக்கி எழுவது ஏன்? இவ்வினாவிற்கு விடை கூற, உயிரணு ஒவ்வொன்றும் உயிர்வளியை வேண்டும் என்பதும், நீர் தோய்ந்த சேற்றில் அவ்வளி அரிது என்பதும், உறுப்பின் வடிவம் அதன் தொழிலுக்கு ஏற்ப அமையும் என்பதும் தெரிதல் வேண்டும். கல்லூரி உயிரியலின் முதன்மையான கருத்துகள் மூன்றும் அவ்வொரு வினாவில் அடங்கின. அதனை வினவுதற்கும் விளக்குதற்கும் வேண்டிய சொற்கள் யாவும் தமிழில் உள. வினாவுவார் முன்வருதலே இனி வேண்டுவது.