அசமன்பாட்டின் வரலாறும் கொல்லிமலைச் சாமையும்

ஆய்வுச் சுருக்கம்

இரண்டு அளவுகளை ஒப்பிடும் குறியாகப் பிறந்த அசமன்பாடு, முடிவெடுக்க உதவும் கருவியாக வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை தொகுக்கிறது. பின்னர் அக்கருவியைக் கொண்டு, கொல்லிமலையில் சிறுதானியச் சாகுபடி சுருங்கியதை ஆராய்கிறது. தானியம் குத்தும் உழைப்பை எல்லையாகக் கொள்கிறோமா, செலவாகக் கொள்கிறோமா என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதே இதன் வாதம்.

1. குறியும் முறையும்

சமக்குறியை இராபர்ட் ரெக்கார்ட் 1557இல் அச்சேற்றினார். இன்றைய >, < குறிகள் அச்சுக்கு வர மேலும் 74 ஆண்டுகள் ஆயின. 1621இல் இறந்த தாமஸ் ஹாரியட்டின் இயற்கணித நூல் 1631இல் வெளியானபோதுதான் அவை முதலில் தோன்றின. சமமாகவும் இருக்கலாம் என்பதைக் காட்டக் கோடு சேர்த்த குறிகளை 1734இல் பியர் பூகேர் கையாண்டார்.

குறி வந்ததும் முறை வந்துவிடவில்லை. பல நேரியல் அசமன்பாடுகளை ஒருங்கே தீர்க்கும் வழியை 1820களில் ஃபூரியே வகுத்தார். ஒரு மாறிக்குக் கீழெல்லை தருவனவற்றையும் மேலெல்லை தருவனவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, அந்த மாறியை நீக்கிவிடுவதே அவ்வழி. சமன்பாட்டில் எந்த எண்ணாலும் தாராளமாகப் பெருக்கலாம். அசமன்பாட்டைக் குறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பிவிடும். எனவே எல்லைகளைச் சேர்க்கும்போது மிகை எண்களால் மட்டுமே பெருக்க வேண்டும். மாறிகள் கூடக்கூட அசமன்பாடுகளும் பெருகிக்கொண்டே போவது இம்முறையின் குறை. இயந்திரவியலில் சமநிலையை ஆராய்ந்த ஹங்கேரியின் ஃபார்க்கஷ் 1902இலும், தம் முனைவர் பட்ட ஆய்வை 1936இல் வெளியிட்ட மோட்ஸ்கினும் இத்துறைக்கு உறுதியான அடித்தளமிட்டனர்.

2. முடிவெடுக்கும் கருவி

லெனின்கிராடில் ஒட்டுப்பலகை ஆலைகளின் உற்பத்திச் சிக்கலிலிருந்து கண்டோரோவிச் 1939இல், அசமன்பாடுகள் வகுக்கும் எல்லைகளுக்குள் சிறந்த விடையைத் தேடும் தம் முறையை உருவாக்கினார். அமெரிக்கப் பொருளியலாளர் ஸ்டிக்லர் 1945இல் வேறொரு கேள்வி கேட்டார்: ஒரு மனிதனின் சத்துத் தேவையைக் குறைந்த செலவில் நிறைவேற்றுவது எப்படி? 77 உணவுப்பொருள்கள், 9 சத்துகள். தோராயமாகக் கணக்கிட்டு, 1939ஆம் ஆண்டு விலையில் ஆண்டுக்கு 39.93 டாலர் என்றார். டான்ட்சிக் 1947இல் கண்ட சிம்ப்ளெக்ஸ் முறையை இதே கணக்கில் சோதித்தபோது, மேசைக் கணக்கீட்டுப் பொறிகளில் சுமார் 120 ஆள்நாள் உழைப்புக்குப் பின் 39.69 டாலர் கிடைத்தது. குவாலியரில் பிறந்த நரேந்திர கர்மார்க்கர் 1984இல் கண்ட உட்புள்ளி முறை மிகப் பெரிய கணக்குகளுக்கும் வழி திறந்தது.

3. கொல்லிமலையின் கேள்வி

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றை நெடுங்காலமாகப் பயிரிட்டவர்கள். பிற்காலத்தில் மேட்டு நிலங்களில் மரவள்ளி பரவியது. இவ்வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு எனப்படும் அதைச் சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. ரேஷன் அரிசியும் வந்ததால், சோற்றுக்குச் சொந்தத் தானியத்தையே நம்ப வேண்டிய நிலை தளர்ந்தது. கேழ்வரகுக்கு உமி நீக்கும் வேலை இல்லை. சாமையும் தினையும் அப்படியல்ல. உரலில் இட்டுக் குத்திப் புடைக்கும் வேலை பெண்கள் தலையில்தான் விழுந்தது. 1990களிலிருந்து இங்கு பணிபுரியும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், உமி நீக்கும் சிறு ஆலைகளை அமைத்ததோடு, சுய உதவிக் குழுக்கள் வழியே சிறுதானியப் பொருள்களின் விற்பனைக்கும் உதவியது. சுருங்கிய சாமையை மீட்க ஆலை மட்டும் போதுமா என்பதே கேள்வி.

4. ஒரு மாதிரிக் கணக்கு

பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை; கள அளவைகள் அல்ல. ஒரு குடும்பத்துக்கு 2 ஏக்கர் நிலம். சாமை ச ஏக்கர், கிழங்கு கி ஏக்கர். ஏக்கருக்கு 3 மூட்டைச் சாமை விளையும். ஆண்டுத் தேவையும் 3 மூட்டை. ஒரு மூட்டையைக் குத்த 4 ஆள்நாள் ஆகும்; ஒதுக்க முடிவது 12 ஆள்நாள்.

நிலம்: ச + கி ≤ 2
உணவு: 3ச ≥ 3
உழைப்பு: 12ச ≤ 12

உணவு ச ≥ 1 என்கிறது; உழைப்பு ச ≤ 1 என்கிறது. ஆக, சாமை சரியாக 1 ஏக்கர். கிழங்கு எவ்வளவு லாபம் தந்தாலும் 1 ஏக்கரைத் தாண்ட முடியாது.

ரேஷனில் 2 மூட்டைக்கு ஈடான அரிசி வருகிறது என்போம். உணவு அசமன்பாடு 3ச + 2 ≥ 3 ஆகும். அதாவது ச ≥ 1/3. இதை −1ஆல் பெருக்கினால் குறி திரும்பி −ச ≤ −1/3 கிடைக்கும். நில அசமன்பாட்டோடு கூட்டினால் கி ≤ 5/3. ஃபூரியே செய்தது இதையேதான். கிழங்கில் வருமானம் அதிகமென்றால் குடும்பம் அந்த மேலெல்லையைத் தொடும். சாமை 1/3 ஏக்கராகச் சுருங்கும்.

இப்போது ஆலை வருகிறது. மூட்டைக்கு 1 ஆள்நாள் போதும். உழைப்பு அசமன்பாடு 3ச ≤ 12, அதாவது ச ≤ 4 எனத் தளர்கிறது. ஆனால் சாமை 1/3 ஏக்கரிலேயே நிற்கிறது. ரேஷன் அரிசி வந்தபோதே உழைப்பு எல்லை பிடியிழந்துவிட்டது. இறுக்கிப் பிடிக்காத எல்லையைத் தளர்த்துவதால் விடை மாறாது.

5. முடிவுரை

இந்த முடிவு ஒரு எடுகோளின் மேல் நிற்கிறது: கூலியில்லாத உழைப்பு எல்லையில் மட்டும் வருகிறது, வருமானக் கணக்கில் வருவதில்லை. குத்தும் உழைப்பையும் கூலி போட்டுச் செலவாகச் சேர்த்தால், ஆலை ஏக்கருக்கு 9 ஆள்நாள் கூலியை மிச்சப்படுத்துகிறது. குடும்பம் பெருக்க முயலும் வருமானக் கணக்கே, அதாவது குறிக்கோள் சார்பே, மாறுகிறது. அதோடு நல்ல விலையும் கிடைத்துச் சாமையின் நிகர வருமானம் கிழங்கை விஞ்சினால், 2 ஏக்கரும் சாமைக்கே போகும். உரலில் குத்திய காலத்தில் 1 ஏக்கருக்கு மேல் அது இயலாது. ஆலையையும் சந்தையையும் சேர்த்தே கொண்டுசென்ற அணுகுமுறை பொருத்தமானது என்பதற்கு இதுவே கணித விளக்கம். சிறுதானிய மீட்பை மதிப்பிடும் ஆய்வுகள் விளைச்சலும் விலையும் கேட்பதோடு நிற்காமல், குத்திப் புடைக்கச் செலவான ஆள்நாளையும் செலவுப் பத்தியில் எழுத வேண்டும்.