கிறித்தவப் பெயர்களும் அவற்றின் பொருளும்: சேலம், நாமக்கல் வட்டாரம்

சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களில் ராயப்பன் என்றும் பீட்டர் என்றும் அழைக்கப்படும் இருவர் உண்மையில் ஒரே பெயரைக் கொண்டவர்கள். அருளப்பன், ஜான், யோவான் ஆகிய மூன்றும் அப்படியே ஒன்றுதான். ஒரு பெயரின் பொருளைத் தமிழாக்குவது, அதன் ஒலியை அப்படியே எழுதுவது என்ற இரண்டு மரபுகள் இங்கே அருகருகே வாழ்வதே இதற்குக் காரணம்.

கிறித்தவத்தில் பெயர் வெறும் அடையாளம் அன்று. விவிலியத்தில் ஆபிராம் என்பவர் ஆபிரகாம் ஆகிறார்; யாக்கோபு இஸ்ரயேல் ஆகிறார். சீமோனுக்கு இயேசு இட்ட பெயர் கேபா. அரமேய மொழியில் பாறை என்று பொருள். அதைக் கிரேக்கத்தில் எழுதியவர்கள் ஒலியை விட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு 'பெத்ரோஸ்' என்றனர். ஆகவே பெயரை மொழிபெயர்க்கும் வழக்கம் புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு அவ்வழக்கு வந்தது மதுரை மிஷன் வழியாக. தத்துவ போதகர் என்று தமிழ்ப் பெயர் பூண்ட இயேசு சபைத் துறவி இராபர்ட் தே நொபிலி, 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு வந்தார். நாயக்கர் ஆட்சிக்காலம் அது. பேதுரு 'இராயப்பர்' ஆனது, கல்லைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லான 'ராயி'யிலிருந்து என்று சொல்வர். பவுல் என்பதற்கு இலத்தீனில் சிறியவர் என்று பொருள், அதனால் சின்னப்பர். யோவான் என்றால் எபிரேயத்தில் 'கடவுள் அருளுகிறார்', அதனால் அருளப்பர். ஸ்தேவான் என்பது கிரேக்கத்தில் மணிமுடி; அவர் முடியப்பர். வலிமையைக் குறிக்கும் அந்திரேயா பெலவேந்திரர் ஆனார். இவற்றை ஆக்கியவர்களின் மொழிப்புலமை வியக்கத்தக்கது. இன்று இப்பெயரைத் தாங்குபவர் பலருக்கே அதன் பொருள் தெரியாது என்பது வேறு கதை. ஆரோக்கியம், சகாயம், அடைக்கலம் போன்றவை மரியாவின் சிறப்புப் பெயர்களிலிருந்து வந்தவை.

இம்முறைக்கு எதிர்ப்பும் இருந்தது. 1704இல் போப்பின் தூதர் தூர்நோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, திருமுழுக்கின்போது உரோமைப் புனிதர் பட்டியலில் உள்ள பெயரையே இட வேண்டும், இந்துத் தெய்வங்களின் பெயரை இடலாகாது என்றது. எனினும் இராயப்பரும் சின்னப்பரும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டனர்.

1827இல் இலண்டன் மிஷனரி சங்கம் சேலத்தில் பணியைத் தொடங்கியது. சீர்திருத்தச் சபையார் புனிதர் வணக்கத்தை ஏற்பதில்லை. வேதத்தை நேரே படிப்பதே அவர்களுக்கு முதன்மை. ஆதலால் பேதுரு, பவுல், சாமுவேல், தாவீது என வேதப் பெயர்கள் ஒலி மாறாமல் வந்தன. தேவசகாயம், ஜெபமணி, ஞானமணி முதலிய தமிழ்ப் பெயர்களும் அவர்களிடம் உண்டு. ஒருவரின் பெயரைக் கேட்டே எந்தச் சபையார் என்று ஊரார் சொல்லிவிடும் காலம் இருந்தது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் யோவான், பேதுரு, பவுல் என்ற வடிவங்களையே எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கக் கோயில்களின் வாசகங்களில் அதுவரை ஒலித்த அருளப்பர் நற்செய்தி, யோவான் நற்செய்தி ஆயிற்று.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், புனிதர் பெயரே வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை. கிறித்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரை மட்டும் தவிர்க்கச் சொல்கிறது. அதனால் அன்பரசன், கயல்விழி போன்ற பெயர்களுக்கும் திருமுழுக்கில் தடையில்லை.

ஆனால் தலித் கிறித்தவக் குடும்பங்களில் பெயரிடுவது இன்னொரு கணக்கையும் உள்ளடக்கியது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கே உரியது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றனர். உதவித்தொகையும் வேலை ஒதுக்கீடும் இதனால் மாறிவிடுகின்றன. எனவே கோயில் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயருமாக வளரும் பிள்ளைகள் உண்டு. அருள், செல்வம், அமுதா என இரு பக்கத்துக்கும் பொருந்தும் பெயர்களைப் பெற்றோர் தேடுவதும் அதனால்தான்.