தாழ இறங்கிய கரும்பலகை

தருமபுரி மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுக்குள் 2007-ஆம் ஆண்டுக்குப் பின் நுழைந்தோர் ஒன்றைக் கண்டு வியந்திருப்பர். கரும்பலகை ஆசிரியரின் உயரத்தில் மட்டும் இல்லை. தரையை ஒட்டிச் சுவர் நெடுகக் கருப்புப் பட்டை தீட்டப்பட்டு, பிள்ளைக்கு ஒரு கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. உட்கார்ந்தபடியே குழந்தை எழுதலாம், அழிக்கலாம், மீண்டும் எழுதலாம்.

பலகை இவ்வாறு தாழ இறங்கி வந்த வரலாறு நீண்டது. அதன் தொடக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி நிற்கிறார் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

மரியா மாண்டிசோரி 1870-இல் இத்தாலியில் பிறந்தவர், மருத்துவர். உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில், 1907 சனவரி 6, திருக்காட்சித் திருநாளன்று, அவர் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். ஒருநாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்து போனார். மறுநாள் அவர் தாமதமாக வந்தபோது, பிள்ளைகள் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே எடுத்து அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தனர். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தோன்றியது. மாண்டிசோரியோ, தமக்கு எது வேண்டுமெனக் குழந்தை அறிந்திருக்கிறது என்று கண்டார். பூட்டிய அலமாரி போய்க் குழந்தையின் கைக்கெட்டும் திறந்த அலமாரி வந்தது.

1939-இல், 69-ஆம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1940-இல் இத்தாலி போரில் இறங்கவே, மகன் மாரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. தாயின் 70-ஆம் பிறந்தநாளையொட்டி விடுவித்தது. பின்னர் கொடைக்கானலில் தங்கியிருந்த காலத்தில், பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கற்பதையும் செடிகொடிகளோடு பழகுவதையும் அவர் அருகிருந்து கண்டார். ஆயினும் அவர் விதைத்தது நெடுங்காலம் வசதி படைத்தோரின் பள்ளிகளிலேயே விளைந்தது. ஏழைக் குடியிருப்பில் பிறந்த முறைக்கு இப்படி ஒரு விதி!

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விசயகுமார், ஆந்திரத்து ரிசிவேலிப் பள்ளியின் கற்றல் அட்டைகளையும் மாண்டிசோரியின் கருத்துகளையும் இணைத்து, மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08-இல் அது மாநிலமெங்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் முதல் நான்கு வகுப்புகளுக்கும் வந்தது. நம் பங்குகளின் உதவிபெறும் பள்ளிகளும் அதில் அடங்கும்.

தருமபுரிக்கு இது வெறும் புதுமையன்று. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் இதுவே: 68.54 விழுக்காடு. வானம் பொய்த்தால் பெற்றோர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ கூலி வேலைக்குப் போவர். பிள்ளையும் உடன் போகும். திரும்பி வரும்போது வகுப்பு பத்துப் பாடம் தாண்டியிருக்கும். பழைய முறையில் அப்பிள்ளை 'மக்கு' என்று பெயர் வாங்கிக் கடைசி வரிசையில் ஒடுங்கும். பின்னர் பள்ளியை விட்டே நிற்கும். கற்றல் ஏணியிலோ, விட்ட படியிலிருந்தே அது ஏறத் தொடங்கலாம். அதற்குரிய அட்டை தட்டிலே காத்திருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆசிரியர் தரையில் அமர வேண்டியதாயிற்று. அது சிலருக்குக் கசந்தது. அட்டைகள் கிழிந்தன. 'பிள்ளை விளையாடிவிட்டு வருகிறது, வீட்டுப்பாடம் இல்லை' என்று பெற்றோர் முறையிட்டனர். ஓர் ஆசிரியரே இரண்டு மூன்று வகுப்புகளைத் தாங்கும் பள்ளியில் நன்முறையும் சடங்காகிவிடும் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அம்முறை பிற்பாடு எளிமையாக்கப்பட்டது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் நிலைக்கேற்பக் குழுவாக்கியது.

நாமோ, மூன்று வயதுக் குழந்தையை நேர்காணலுக்கு அழைத்துச் சென்று, வாயிலில் மாண்டிசோரியின் பெயரைத் தாங்கிய பள்ளியில் நீள்பலகையில் அமர்த்தி, வீட்டுப்பாடம் கேட்டு வாங்குகிறோம். கூலிக்காரரின் மகள் தாழ்ந்த பலகையில் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நம் பிள்ளைகள் தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்துப் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள்.