மாலையும் மலர்வளையமும்: ஜொகூர்த் தமிழரின் இறப்பு வீட்டு மலர்முறை

ஜொகூர் மாநிலத் தமிழர், இறந்தவருக்கு மலர் செலுத்துவதில் தோற்றத்தால் வேறுபட்ட இரண்டு முறைகளைக் கையாளுகின்றனர். உறவினர் தம் கையால் கொண்டுவந்து உடலின் மீது சாத்தும் மாலை தமிழகக் கிராமங்களிலிருந்து கடல்கடந்து வந்தது. சங்கம், அலுவலகம், கட்சிக் கிளை ஆகியவற்றின் பெயர் தாங்கிவரும் மலர்வளையமோ ஆங்கிலேயர் ஆட்சிக்காலப் பொதுவாழ்வின் வரவு.

1909-இல் ஜொகூரை ஊடறுத்துச் செல்லும் இருப்புப்பாதை நிறைவுற்ற பின்னர், சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பெருகின. தம் ஊராரையும் உறவினரையும் திரட்டிவரும் கங்காணிகள் மூலம் அவற்றுக்குத் தொழிலாளர் சேர்க்கப்பட்டதால், 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்வதற்குள், ஊர்ப் பழக்கங்கள் பலவும் லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளில் வேரூன்றிவிட்டன. பூக்கடை எட்டாத தோட்டத்தில் வீட்டோரத்து அரளியும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் மாலையாயின; பாடைக்கு, அதாவது உடலைச் சுமக்கும் மூங்கில் அமைப்புக்கு, தென்னங்கீற்றும் வண்ணத்தாளும் அழகு சேர்த்தன. அவ்வகையில், பூவை விலைக்கு வாங்கியனுப்பும் எண்ணத்துக்கே அங்கு இடமிருக்கவில்லை.

மாலையின் அளவோ மலரின் வகையோ அங்கே பெரிதாகக் கருதப்படவில்லை; அதைக் கொண்டுவருபவர் யார் என்பதே முறையைத் தீர்மானித்தது. உடலை நீராட்டுவதற்குப் பங்காளிகள், அதாவது தந்தைவழி ஆண் உறவினர், மேலே வெள்ளைத் துணி பிடித்து மாலை சூட்டிய குடத்தில் நீர் எடுத்துவருவதைத் தமிழகத் தென்மாவட்டத்தார் ‘நீர்மாலை’ என்பர். பெண் இறந்தாலும், கணவனை இழந்தாலும், அவளுடைய பிறந்த வீட்டார் புத்தாடையாகிய ‘கோடி’யோடு வரவேண்டும்; அவர்கள் வராமல் பொருள் மட்டும் வந்தால் அது குறையாகவே எண்ணப்பட்டது. இம்முறையின் கடுமை கணவனை இழந்தவள் மீதே மிகுதியாக விழுந்தது. கணவனின் உடலில் மாலைகள் குவிய, அவளுடைய கூந்தலில் கடைசியாகப் பூவைத்துப் பின்னர் அதை நீக்கும் சடங்கு பல சாதியினரிடம் இருந்தது. 1929-இலும் 1954-இலும் மலாயா வந்த பெரியாரின் சுயமரியாதை இயக்கம் எதிர்த்த பழக்கங்களுள் கைம்மை சார்ந்த இத்தகைய கட்டுப்பாடுகளும் அடங்கும். மலர்முறையின் வரலாற்றில் உண்மையான சீர்திருத்தம் என்று சொல்லத்தக்கது இந்த எதிர்ப்பே.

மலர்வளையம் வேறு வழியில் வந்தது. கிறிஸ்தவத் தமிழர் அதனையும் மலர்ச்சிலுவையையும் தேவாலய வழக்கமாகவே அறிந்திருந்தனர். போர் நினைவிடங்களிலும் அரசு விழாக்களிலும் அதைக் கண்டு பழகிய மற்றவர்களிடையே, 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரசும் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தோன்றிப் பொது அமைப்புகள் வலுப்பெற்ற காலத்தில், தலைவருக்கும் உறுப்பினருக்கும் அமைப்பின் பெயரால் மரியாதை செலுத்த அது ஏற்றதாயிற்று. குடும்பத்தார் மாலையில் பெயர் எழுதுவதில்லை. வளையத்திலோ அனுப்பியவர் பெயர் தாங்கிய நாடா தவறாது தொங்குகிறது. துக்கத்தைவிடப் பெயர் பெரிதாகத் தெரியும் வளையங்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட இயலாது.

அண்டை வீட்டார் வழக்கு இதனின்றும் வேறு. சீனர் வெள்ளை, மஞ்சள் சாமந்திகளைப் பெரிதும் பயன்படுத்திச் சிவப்பைப் பொதுவாக விலக்குவர். வெள்ளை உறையில் பணம் தருவதும் அவர்களது முறை. ரோசாவும் சம்பங்கியும் கலந்து கட்டிய மாலையைத் தமிழர் தயக்கமின்றிச் சாத்துகின்றனர். மலாய் முஸ்லிம்கள் இறந்த அன்றே நல்லடக்கம் செய்ய முயல்வதுடன், கல்லறையில் மலரிதழ் தூவிப் பன்னீர் தெளிப்பதையும் வழக்கமாகக் கொண்டுள்ளனர். மலர்வளையம் அவர்கள் வழக்கமன்று.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் நகரங்களில் குடியேறியபோது, ஜொகூர் பாருவில் 1911-இல் எழுந்த ராஜமாரியம்மன் கோயிலைச் சூழ்ந்த கடைவீதி போன்ற இடங்கள் மாலைத் தேவையை நிறைவேற்றலாயின. 1924-இல் திறக்கப்பட்ட பாலம் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் ஒரே உறவுவட்டமாக்கியிருந்தது; ஆனால் கோவிட்-19 பெருந்தொற்றால் 2020 மார்ச் 18 முதல் 2022 ஏப்ரல் 1 வரை அவ்வழித் தடையற்ற பயணம் இல்லாமற்போனதால், அக்கரை உறவினர் பலருக்கு இறுதிச் சடங்கில் நேரில் நிற்கும் வாய்ப்பே அற்றுப்போனது. அத்தகைய நிலையில் கடைவழி அனுப்பும் மலர், வரவியலாதவரின் மரியாதையாக ஏற்கத்தக்கதே. எனினும் அது கோடிக்கோ பிறந்த வீட்டாரின் வருகைக்கோ ஈடாகாது. வேற்றுச் சமயத்தார் இல்லத்துக்கு மலர் அனுப்ப எண்ணுவோர் அவ்வீட்டாருக்கு நெருங்கியவர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.